சங்கு ஊதாத கம்பெனி

ராத்திரி இரண்டரை மணி. அத்திப்பள்ளியில் ஒரு டீக்கடை ஓரமாக டி.வி.எஸ். எக்ஸ்.எல். வண்டிக்கு ஸ்டாண்ட் போட்டுவிட்டு, காதைச் சுற்றி மஃப்ளர் கட்டிய அறுபது வயது ஆசாமி ஒருவர் பெங்களூர் பக்கமே பார்த்துக்கொண்டு நிற்கிறார். தினமும் நிற்கிறார். ரோந்து போலீஸ்காரர்கள் சந்தேகப்பட்டு இரண்டு தடவை விசாரித்தார்கள். மூன்றாவது தடவை, 'என்ன, இன்னும் மகன் வரலையா?' என்று அவர்களே கேட்டுவிட்டுப் போனார்களாம்.

அவர் என் அக்கா வீட்டுக்காரர். எனக்கு மாமா. 2025 ஏப்ரல், மே இரண்டு மாதமும் அவருக்கு இதுதான் டியூட்டி. அவர் மகன் பெங்களூரில் ஓர் இன்வெஸ்ட்மென்ட் பேங்குக்கு இன்டர்ன்ஷிப் போனான். எந்த பேங்க் என்று சொல்லப்போவதில்லை. ரகசியம் காப்பேன் என்று அவன் கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒப்பந்தம் பதினொரு பக்கம். அதில் என் பெயர் இல்லைதான். இருந்தாலும் பயமாக இருக்கிறது.

ராத்திரி வீட்டுக்குக் கொண்டுபோய் விட ஆபீஸ் கார் உண்டு. ஏ.சி. கார். ஆனால் அது கர்நாடகா மஞ்சள் போர்டு. தமிழ்நாட்டுக்குள் நுழைவதென்றால் பர்மிட், வரி என்று ஏகப்பட்ட சமாச்சாரம். ஆகவே அத்திப்பள்ளியோடு சரி. அங்கிருந்து ஜூஜூவாடி தாண்டி ஓசூர் வரைக்கும் மாமாவின் எக்ஸ்.எல். கோடிக்கணக்கில் டாலர் புரளும் பேங்கின் டிரான்ஸ்போர்ட், கடைசிக் கட்டத்தில் ஒரு ரிட்டயர்டு ஃபிட்டரின் மொபெட்டை நம்பித்தான் நடந்தது.

அவனை அங்கே போகச் சொன்னதில் எனக்கும் பங்கு உண்டு. 'யோசிக்காதே மாப்ளே, போ. கிடைக்காத சான்ஸ்' என்று சொன்னவன் நான். நானும் பி.காம்.தான். எங்கள் புத்தகத்தில் 'மெர்ச்சன்ட் பேங்கிங்' என்று இரண்டு பக்கம் வரும். ஐந்து மார்க் கேள்வி. சாய்ஸில் விட்டுவிட்டேன். நான் விட்டதை அவன் பிடிக்கட்டும் என்ற நப்பாசையும் இருந்திருக்கலாம்.

இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்றதும் பாஸ்புக்கை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடாதீர்கள். அங்கே கேஷ் கவுன்ட்டர் கிடையாது. நகைக்கடன் கிடையாது. ஒரு கம்பெனி பங்கு வெளியிட வேண்டும், இன்னொரு கம்பெனியை வாங்க வேண்டும், அல்லது தன்னையே விற்றுக்கொள்ள வேண்டும் என்றால், விலை சொல்லி, ஆள் பிடித்து, பேரத்தை முடித்துக் கொடுத்துக் கமிஷன் வாங்குகிறவர்கள். கல்யாணத் தரகு மாதிரி. ஜாதகத்துக்குப் பதில் பேலன்ஸ் ஷீட். செபி இவர்களுக்காக 1992-ல் தனி விதிமுறையே போட்டது. என் புத்தகத்தில் இருந்த அதே 'மெர்ச்சன்ட் பேங்கர்' என்ற பெயரில்தான்.

ஓசூருக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று தோன்றலாம். 1980-ல் டி.வி.எஸ். 50 உருண்டு வந்தது ஓசூரிலிருந்துதான். அசோக் லேலண்ட் வந்ததும் அதே வருஷம். எண்பதுகளிலேயே டைட்டனும் வந்துவிட்டது. 2021-ல் ஏத்தர் இங்கே எலெக்ட்ரிக் ஸ்கூட்டர் செய்ய ஆரம்பித்தது. அந்தப் பக்கம் போச்சம்பள்ளியில் ஓலாவின் பிரம்மாண்டத் தொழிற்சாலை. மாம்பழக்கூழுக்குப் பேர்போன கிருஷ்ணகிரி, தர்மபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமானது 2004 பிப்ரவரியில். அதே 2004-ல்தான் கோல்ட்மேன் சாக்ஸ் பெங்களூரில் ஆபீஸ் திறந்தது. என் அக்கா மகன் பிறந்ததும் அதே வருஷம். (அவன் போனது கோல்ட்மேன் அல்ல. அதை மட்டும் சொல்லிவிடுகிறேன்.) ஓசூரிலிருந்து பெங்களூர் நாற்பது கிலோமீட்டர். இங்கே ஸ்கூட்டர் செய்கிறார்கள், அங்கே அந்த ஸ்கூட்டர் கம்பெனிக்கு விலை போடுகிறார்கள். நடுவில் ஒரு டோல்கேட்.

மாமா 1985-ல் ஐ.டி.ஐ. முடித்து ஒரு பெரிய தொழிற்சாலையில் அப்ரண்டிஸாகச் சேர்ந்தவர். 37 வருஷம் அங்கேயே இருந்து, 2022-ல் ரிட்டயர் ஆனார். யூனியன்காரர். அவருக்கு நேரம் என்றால் சங்குதான். சங்கு ஊதினால் உள்ளே, சங்கு ஊதினால் வெளியே. மகன் இன்டர்ன்ஷிப் என்று எத்தனை தடவை திருத்தினாலும், கேட்கிறவர்களிடம் 'பையன் பேங்க்ல அப்ரண்டிஸா இருக்கான்' என்றுதான் சொல்வார்.

முதல் வாரமே கேட்டிருக்கிறார். "உங்க கம்பெனில எப்படா சங்கு ஊதுவாங்க?"

"அங்க சங்கே கிடையாதுப்பா."

"அப்ப எப்ப கிளம்புறது?"

"பக்கத்து சீட்டுக்காரன் கிளம்பினப்புறம்."

"அவன் எப்ப கிளம்புவான்?"

"நான் கிளம்பினப்புறம்."

மூன்றாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை ஓசூர் போயிருந்தேன். பையன் தூங்கிக்கொண்டிருந்தான். மதியம் பிரியாணி வாசனைக்கும் எழவில்லை. நாலு மணிக்கு போன் அடித்தது. மின்சாரம் பட்டது போல எழுந்து லேப்டாப்பைத் திறந்தான்.

"ஞாயித்துக்கிழமையுமாடா?"

"ரெண்டு ஃபுட்நோட் மாத்தணுமாம் மாமா."

ரெண்டு ஃபுட்நோட் மாறி முடிய ராத்திரி பதினொன்று ஆயிற்று.

என்ன வேலை என்று பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். 'பிட்ச் புக்' என்கிறார்கள். கம்பெனி முதலாளியிடம் காட்டி மயக்குவதற்கான படப் புத்தகம். எண்பது பக்கம். லோகோக்கள் எல்லாம் ஒரே கோட்டில் நிற்க வேண்டும். எல்லா எண்ணுக்கும் அடியில் 'இது எங்கிருந்து வந்தது' என்ற குறிப்பு வேண்டும். ஒரு நாள் விடியற்காலை மூன்று மணிக்கு மும்பையிலிருந்து மெயில் வந்ததாம்: 'பக்கம் 46-ல் இருப்பது நம்ம நீலம் இல்லை.' அந்த பேங்குக்கென்று தனியாக ஒரு நீலம் இருக்கிறது! பகலெல்லாம் பெரும்பாலும் சும்மா உட்கார்ந்திருப்பான். பெரியவர்கள் மீட்டிங் முடிந்து திருத்தம் அனுப்ப சாயங்காலம் ஏழாகிவிடும். அவர்களுக்குப் பொழுது சாயும்போது இவனுக்குப் பொழுது விடியும்.

ஆனால் பையன் முகத்தில் ஒரு களை இருந்தது. அதையும் சொல்லியாக வேண்டும். ஆண்டறிக்கையைப் புரட்டி ஒரு கம்பெனியின் நாடியைப் பிடிக்கக் கற்றுக்கொண்டிருந்தான். மூன்று வருஷம் பி.காம். படித்து எனக்கு வராதது, அவனுக்கு மூன்று வாரத்தில் வந்துவிட்டது.

ஏத்தர் பங்கு வெளியீடு நடந்ததும் அந்தச் சமயத்தில்தான். ஏப்ரல் 28 முதல் 30 வரை. பங்கு 304 முதல் 321 ரூபாய். மொத்தம் 2,981 கோடி. அதை நடத்தியது வேறு பேங்குகள். ஆனாலும் டூ-வீலர் கம்பெனிகளை எல்லாம் எக்செல்லில் வரிசையாகப் போட்டு ஒப்பிடும் வேலை இவனிடம் இருந்தது. 'காம்ப்ஸ்' என்று பெயர். மனை வாங்கும்போது 'பக்கத்து மனை சதுர அடி என்ன விலைக்குப் போச்சு' என்று விசாரிப்போமே, அதே சங்கதிதான்.

மாமா கேட்டார். "ஏத்தர்ல லாபம் எவ்வளவு?"

"லாபம் இல்லப்பா, நஷ்டம். 2023-24-ல 1,060 கோடி."

"போச்சம்பள்ளில?"

"அவங்க அதே வருஷம் 1,584 கோடி நஷ்டம்."

மாமா டீ டம்ளரைக் கீழே வைத்தார். "நஷ்டத்துக்கு எப்படிடா விலை போடுவீங்க?"

"விற்பனையை வெச்சுப் போடுவோம். விற்பனையைப் போல இத்தனை மடங்குன்னு. அப்புறம் நாலஞ்சு வருஷம் கழிச்சு வரப்போற லாபத்தை இப்பவே கணக்குப் பண்ணுவோம்."

"வரலைன்னா?"

"அதுக்குத்தான் ரிஸ்க் ஃபேக்டர்னு பக்கம் பக்கமா எழுதிடுவோமே!"

மாமா சிரித்தார். நான் சிரிக்கவில்லை. 2024 ஆகஸ்டில் ஓலா எலெக்ட்ரிக் பங்கு 76 ரூபாய்க்கு வெளியாகி, இரண்டே வாரத்தில் 157-ஐத் தொட்டு, அந்த வருஷமே 76-க்குக் கீழே இறங்கியபோது, மேலே இருக்கும்போது வாங்கியவர்களில் அடியேனும் ஒருவன். ஏத்தர் மே 6-ஆம் தேதி 328-ல் ஆரம்பித்து அன்றே வெளியீட்டு விலைக்குக் கீழே முடிந்தது. அது தேறாது என்று தீர்ப்பு எழுதி ஒதுங்கினேன். அந்த வருஷம் முடிவதற்குள் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டது. ஒரே மாவட்டத்தில் இரண்டு தொழிற்சாலை. இரண்டிலும் தப்பாகக் கணித்தவன் என்ற பெருமை எனக்கு உண்டு.

அன்றைக்குப் பையன் இன்னொரு விஷயத்தையும் உற்சாகமாகக் காட்டினான். அப்பா வேலை பார்த்த கம்பெனியும் அந்த எக்செல் வரிசையில் இருந்தது. 14-வது வரி. "அப்பா, உங்களைக் கண்டுபிடிச்சுட்டேன்!" என்றான். விரல் வைத்த இடத்தில் 'எம்ப்ளாயி பெனிஃபிட்ஸ் எக்ஸ்பென்ஸ்' என்று இருந்தது. விற்பனையில் இத்தனை சதவிகிதம் என்று பக்கத்தில் ஓர் எண்.

"பெனிஃபிட்டா? சம்பளம்னு போட மாட்டாங்களா?"

"இப்ப அப்படித்தான்பா போடுறாங்க."

மாமா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு அந்த எண்ணைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "தசமப் புள்ளிக்கு அந்தாண்ட ரெண்டாவது எடத்துல நான் இருந்திருப்பேன்" என்றார்.

ஐந்தாவது வாரம் ஒரு நாள் ராத்திரி ஒன்றரை மணிக்கு எனக்கு போன். பத்திரிகைக்காரன் முழித்திருப்பான் என்று அவனுக்குத் தெரியும். காரில் வந்துகொண்டிருந்தான்.

"இன்னிக்கு ஒரு ஸ்லைடு போட்டேன் மாமா."

ஏதோ ஒரு தொழிற்சாலை. எந்த ஊர், எந்த கம்பெனி என்று அவன் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. பர்மனன்ட் தொழிலாளர்களில் ஒரு பகுதியை வி.ஆர்.எஸ். கொடுத்து அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் கான்ட்ராக்ட் ஆட்களைப் போட்டால் லாப விகிதம் எத்தனை கூடும் என்பதுதான் ஸ்லைடு. இடது பக்கம் உயரமாக ஒரு பட்டை, வலது பக்கம் குட்டையாக ஒரு பட்டை, நடுவில் அம்புக்குறி.

"எத்தனை பேர்?" என்று கேட்டேன்.

"ரவுண்டா முந்நூறு போடச் சொன்னாங்க."

கொஞ்ச நேரம் பேச்சில்லை. எலெக்ட்ரானிக் சிட்டி ஃப்ளைஓவர் மேலே வண்டி போகும் சத்தம் மட்டும் கேட்டது.

"யாரும் தப்பா எதுவும் பண்ணலை மாமா. கணக்கு கரெக்ட்தான். சீனியர் 'குட் ஜாப்'னு மெயில் போட்டார். வந்ததுலருந்து முதல் குட் ஜாப் அதுதான்." அப்புறம் சொன்னான்: "இப்ப அங்க அப்பா வண்டியோட நின்னுட்டிருப்பார்."

நாலு ஊருக்கு யோசனை சொல்லி காலம் எழுதுகிறவன் நான். அப்போது ஒன்றும் வரவில்லை. "சாப்ட்டியாடா?" என்று கேட்டேன்.

அன்றைக்கு எனக்குத் தூக்கம் வரவில்லை. காரணம் ஸ்லைடு மட்டுமல்ல. 2013 ஆகஸ்டில் நான் நியூஸ் டெஸ்க்கில் இருந்தபோது லண்டனிலிருந்து ஓர் ஏஜென்சி செய்தி வந்தது. பேங்க் ஆஃப் அமெரிக்கா மெரில் லிஞ்ச்சில் கோடைகால இன்டர்னாக இருந்த ஜெர்மனிக்கார மாணவன், தங்கியிருந்த இடத்தில் இறந்துகிடந்தான். இன்டர்ன்ஷிப் முடியும் தறுவாய். தொடர்ந்து ராத்திரிகள் கண்விழித்து வேலை பார்த்தான் என்று பேச்சு. வலிப்பு வந்து இறந்ததாக விசாரணை முடிவு சொன்னது. அலைச்சலும் களைப்பும் அதைத் தூண்டியிருக்கலாம், உறுதியாகச் சொல்ல முடியாது என்றார் விசாரணை அதிகாரி. அந்தச் செய்தியை நாலு வரிக்குச் சுருக்கி உள்பக்கத்தில் போட்டேன். அவனுக்கு வயது 21. என் அக்கா மகனுக்கும் 21.

அதன் பிறகு இந்த பேங்குகள் ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல முடியாது. 2015-ல் கோல்ட்மேன் சாக்ஸ், கோடைகால இன்டர்ன்கள் நடுராத்திரிக்கு மேல் ஆபீஸில் இருக்கக் கூடாது, காலை ஏழு மணிக்கு முன்னால் வரக் கூடாது என்று விதி போட்டது. அதாவது ஒரு நாளைக்குப் பதினேழு மணி நேரம் தாராளமாக இருக்கலாம்! 2021-ல் அதே பேங்கில் முதல் வருஷ ஊழியர்கள் 13 பேர் தாங்களே ஒரு சர்வே எடுத்து, வாரத்துக்குச் சராசரியாக 95 மணி நேரம் வேலை, ராத்திரி ஐந்து மணி நேரத் தூக்கம் என்று மேலதிகாரிகளிடம் நீட்டினார்கள். வேலை வாங்கிப் பழகிய பிள்ளைகள் அல்லவா, புகாரைக்கூட பிட்ச் புக் மாதிரி அழகாகப் பட்டை போட்டுக் கொடுத்திருந்தார்கள். 2024-ல் ஜே.பி. மார்கன் இளநிலை பேங்கர்களுக்கு உச்சவரம்பு கொண்டுவந்தது. வாரத்துக்கு 80 மணி. அதுவும் அவசர பேரம் நடந்தால் விலக்கு உண்டு.

இரண்டு நாள் கழித்து எக்ஸ்.எல். பின்சீட்டில் உட்கார்ந்து வரும்போது பையன் அப்பாவிடம் அந்த ஸ்லைடைப் பற்றிச் சொல்லிவிட்டான். முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாததைப் பின்சீட்டிலிருந்து சொல்லலாம். மாமா ஒன்றுமே பேசவில்லையாம். வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தி, ஸ்டாண்ட் போட்டுவிட்டுக் கேட்டாராம்:

"அந்த வி.ஆர்.எஸ். கணக்குல லீவு சம்பளம் சேர்த்தியா?"

"இல்லியே..."

"எப்பவும் அதை விட்டுட்டுத்தான் கணக்கு கொண்டாருவாங்க. சேர்ந்திருக்கிற லீவுக்கெல்லாம் காசு குடுக்கணும். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவனுக்கு அது சின்னத் தொகை இல்ல. கிராஜுவிட்டி கடைசி பேசிக்குல போட்டியா, சராசரில போட்டியா?"

மறுநாள் பையன் போய் அந்தச் செலவைச் சேர்த்தான். வலது பக்கப் பட்டை கொஞ்சம் வளர்ந்தது. சீனியர், 'இது எப்படி உனக்குத் தோணுச்சு?' என்று கேட்டாராம். 'எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் இந்தத் துறையில எக்ஸ்பர்ட்' என்று சொல்லியிருக்கிறான். அப்புறம் அந்த ஸ்லைடு பின்னிணைப்புக்குப் போயிற்று. பேரமும் அதோடு நின்றுவிட்டது. இந்தத் தொழிலில் பத்துப் புத்தகம் போட்டால் ஒன்று பேரமாவதே பெரிசு என்கிறான்.

மே மாதக் கடைசியில் இன்டர்ன்ஷிப் முடிந்தது. அக்கா பாயசம் வைத்திருந்தாள். சாப்பிட்டு முடித்ததும் மாமா சட்டைப் பையிலிருந்து ஒரு பாக்கெட் நோட்டை எடுத்தார். அத்திப்பள்ளியில் நின்ற நேரத்தில் மனிதர் சும்மா நிற்கவில்லை. மகன் காலையில் போன நேரம், ராத்திரி காரிலிருந்து இறங்கிய நேரம், அதில் பயண நேரத்தைக் கழித்து மீதி... எட்டு வாரமும் தேதி வாரியாக எழுதி வைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை லேப்டாப் கணக்கு தனியாக, சிவப்பு மையில்.

"மொத்தம் 680 மணி நேரம். எட்டு வாரத்துக்கு வாரம் 48 வீதம் 384. மிச்சம் 296 மணி ஓ.டி. உனக்கு மாசம் அம்பதாயிரம். மணிக்கு 240 ரூபா, சில்லறையை விட்டுட்டேன். ஓ.டி.க்கு டபுள், 480. ஆக 1,42,080 ரூபா வரணும். ரெண்டு மாசத்துக்கு அவங்க உனக்குக் குடுத்ததே ஒரு லட்சம்தான்."

பையன் சிரித்தான். "அப்பா, நான் ஃபேக்டரி வொர்க்கர் இல்லப்பா."

"ஃபேக்டரில அப்ரண்டிஸுக்கு ஓ.டி.யே கிடையாது தெரியுமா? 1961 அப்ரண்டிஸ் சட்டம். அட்வைசர் அனுமதி இல்லாம ஓ.டி. பார்க்க வைக்கவே கூடாது. நாங்க கேட்டாக்கூட சூப்பர்வைசர் தொரத்திடுவார், 'போடா, சங்கு ஊதிட்டான்'னு."

2023 ஏப்ரலில் தமிழ்நாடு சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழிவிடும் திருத்தம் நிறைவேறியபோது, ரிட்டயர் ஆன பிறகும் கொடியைத் தூக்கிக்கொண்டு போனவர் மாமா. பத்தே நாளில், மே தினத்தன்று, அது வாபஸ் என்று முதல்வர் அறிவித்தார். அதற்கு இரண்டு மாதம் முன்பு பிப்ரவரியில் கர்நாடகா அதே மாதிரி ஒரு திருத்தத்தை நிறைவேற்றியிருந்தது. அங்கே வாபஸ் இல்லை. 'பார்டருக்கு இந்தப் பக்கம் எட்டு, அந்தப் பக்கம் பன்னெண்டு' என்று அப்போது மாமா சொல்லிக்கொண்டிருப்பார். அவர் பயன்படுத்திய 1948-ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டம் 2025 நவம்பரில் புதுத் தொகுப்புக்கு இடம் விட்டுப் போய்விட்டது. போனால் என்ன, நாளைக்கு எட்டு மணி, மேலே போனால் இரட்டைச் சம்பளம் என்பது புதியதிலும் இருக்கிறதே என்று அதையும் தேடிப் படித்துவிட்டார்.

"இதைக் கொண்டுபோய் உங்க ஆபீஸ்ல குடுக்கச் சொல்லலை. நீ தெரிஞ்சு வெச்சுக்கோ" என்று அந்தப் பக்கத்தைக் கிழித்து மகனிடம் கொடுத்தார். பையன் சிரிப்பை நிறுத்திவிட்டு வாங்கிக்கொண்டான். எக்செல்லில் போட்டுச் சரிபார்த்திருப்பான் போல. ராத்திரி எனக்கு வாட்ஸ்அப் வந்தது. 'கணக்கு கரெக்ட் மாமா.'

ஜூலையில் ஆஃபர் லெட்டர் வந்துவிட்டது. படிப்பு முடிந்ததும் சேரலாம். முதல் வருஷச் சம்பளம், மாமா 37 வருஷ சர்வீஸுக்கு வாங்கிய கிராஜுவிட்டியைவிடக் கொஞ்சம் அதிகம். சேரலாமா என்று என்னைத்தான் கேட்டான். முதல் தடவை 'யோசிக்காதே, போ' என்று சொன்னவன், இந்தத் தடவை 'யோசிச்சுக்கோ' என்றேன். அவன் நாலு நாள் யோசித்தான். 'ரெண்டு வருஷம் இருக்கேன் மாமா. எல்லாத்தையும் கத்துக்கறேன். அதுக்கப்புறம் பார்க்கலாம்' என்று சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டான். கூடவே ஹெச்.ஆர்.க்கு ஒரு மெயில்: ராத்திரி கார் ஓசூர் வரை வருமா?

அலுவலகத்துக்குப் பக்கத்தில் தங்கிக்கொள்வது உசிதம் என்று பதில் வந்தது. பி.ஜி. வாடகை விசாரித்துக்கொண்டிருக்கிறான். மாமா அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. நேற்று அக்கா போன் செய்தபோது சொன்னாள்: "உங்க மாமா எக்ஸ்.எல்.லுக்கு ரெண்டு டயரும் புதுசா மாத்திட்டு வந்திருக்காருடா."